பக்க மேசையில் இருந்த பாத்திரம்

யூலை 6, ஞாயிறு

கச்சான் காற்று. நாள் முழுக்கத் தொண்டை வறட்சி. அக்கா பாசிக்குடா ஹோட்டலிலிருந்து லீவில் வந்திருக்கிறாள், பக்கத்தில் குறட்டை. நுளம்பு வலைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கணித மாதிரி வினாத்தாள் கொப்பியின் பின்பக்கம். இந்தக் கொப்பியை வீட்டில் யாரும் ஆசைப்பட்டுத் திறக்கமாட்டார்கள்.

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். எழுதினால் சின்னதாகத் தெரியலாம்.

காலையில் ஒரு 31ஆம் நாள் நினைவுப் பூசை. பெரியகல்லாற்றிலிருந்து இரண்டு வான் நிறையச் சொந்தக்காரர். எங்கள் சின்னக் கோயில் நிரம்பி வெளியேயும் ஆட்கள். சிஸ்டர் (இனி சி. என்றே எழுதுவேன், அக்காவின் கண் பட்டாலும் என்று) என்னைக் கூப்பிட்டார். "புள்ள, பெரிய பாத்திரம் காணாது. சின்னதிலயும் அப்பம் நிரப்பி, காணிக்கையோட பீடத்துக்குக் கொண்டு வா." நிரப்பினேன். மூடிப் பக்க மேசையில் வைத்தேன். காணிக்கைப் பவனி வெளிக்கிட்டுவிட்டது. வைனையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். சின்னப் பாத்திரத்தை மறந்துபோனேன்.

பாதர் அப்பத்தை உயர்த்தியபோது மணி அடித்ததும் நான்தான். அப்போதும் நினைவு வரவில்லை.

நற்கருணை நேரம். இரண்டு வரிசை. பாதர் கையில் பெரிய பாத்திரம். சி. திரும்பிப் பார்க்கிறார், சின்னது பீடத்தில் இல்லை, பக்க மேசையில். என் காதுக்குள்: "இது பீடத்தில இருந்ததுதானே?"

"ஓம் சிஸ்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? போன மாதம் தண்ணீர்க் குப்பியை உடைத்தேன். இன்னொரு பிழை விட்டால் பீடப் பக்கம் வர வேண்டாம் என்றார் சி. அதோடு வரிசையில் முதல் ஆளாக அம்மா. என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டு.

பாதர் "இது என் உடல்" என்று சொன்னது பீடத்தில் விரித்த துகிலின் மேல் இருந்த அப்பத்துக்கு. கிறிஸ்துவின் உடலாக மாறியது அது மட்டும். பக்க மேசையில் இருந்தது பக்கெற்றைப் பிரித்துக் கொட்டிய வெறும் அப்பம். அம்மாவும், சி. வரிசையில் வந்த எல்லோரும், 'ஆமென்' சொல்லி வெறும் அப்பம் வாங்கினார்கள். மிச்சம் நற்கருணைப் பேழைக்குள் போய்விட்டது. பெரிய பாத்திரம் காலி. ஆகவே பேழைக்குள் இருப்பது இது மட்டும்.

இன்னும் இருக்கிறது. வின்ஸ்டன் அங்கிள். அடுத்த வீடு, பறங்கி, தச்சு வேலை. மகன் வாவியில் தாண்டு செத்ததிலிருந்து பதினொரு வருடம் கோயிலுக்கு வராதவர். இப்போது தொண்டையில் புற்றுநோய். வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். இன்று பூசைக்கு முன் பாதர் போய் அவருடைய பாவசங்கீர்த்தனம் கேட்டு, எண்ணெய் பூசினார். ஸ்பீக்கரில் பூசை கேட்கும், அந்தப் பூசையிலிருந்தே நற்கருணை வேண்டும் என்று அங்கிள் கேட்டிருக்கிறார். பாதருக்கு அடுத்த கோயிலில் பூசை. சி. கொண்டு போனார். சின்னப் பாத்திரத்திலிருந்து. முன்னால் மெழுகுதிரி பிடித்து நான்.

அயர்ன் பண்ணின சேர்ட் போட்டு எழும்பி இருந்தார். "ஆமென்" ரோட்டுக்கே கேட்டிருக்கும். பிறகு என்னைப் பார்த்து, "பதினொரு வருசம், புள்ள. ஆண்டவருக்கு என்னைத் தெரியுதோ தெரியா."

அங்கிளின் மனைவி கிளாரா அன்ரி: "கதைக்காம முழுங்குங்க."

சிரித்தார். விழுங்கினார்.

எழுதியும் சின்னதாகத் தெரியவில்லை.

யூலை 7, திங்கள்

நித்திரை இல்லை. விஞ்ஞானப் பாடத்தில் இரசாயன மாற்றம், பௌதிக மாற்றம்.

இடைவேளையில் ஷர்மியிடம் கதைபோலக் கேட்டேன். அவளும் பீடப் பணியில் இருப்பவள்.

"பாதர் கைய நீட்டிச் செபிக்கிற நேரம், பீடத்துக்குப் பக்கத்தில இரிக்கிற அப்பமும் மாறுமா?"

"எவ்வளவு பக்கத்தில?"

"ஒரு ஆறடி."

"அப்ப கோயிலுக்குப் பின்னால இரிக்கிற பேக்கரிப் பாணெல்லாம் என்னகா ஆகிறது? ஞாயிறு ஒருத்தரும் சம்பல் வைச்சுச் சாப்பிட ஏலா."

"பகிடி விடாதகா."

"பாதர் எதை நினைச்சுச் சொல்றாரோ அதுதான். மறைக்கல்வியில படிச்சமே. நீ அண்டைக்குப் பின் வாங்கில நித்திரை." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

ஆறடி. பின்னேரம் கோயிலுக்குப் போய் அளந்தேன். என் பாதத்தால் ஏழு.

நான் செய்தவை:
1. மறந்தது. (பாவம் இல்லையென்று நினைக்கிறேன்.)
2. சி.யிடம் பொய். பீடத்துக்குப் பக்கத்தில் நின்று.
3. அம்மா வாங்கும்போது பார்த்துக்கொண்டு நின்றது.
4. வி. அங்கிள்.

நாலாவதற்கு என்ன பெயர் போடுவது என்று தெரியவில்லை.

யூலை 8, செவ்வாய்

ரியூஷன் முடிந்து நேரே கன்னியர் மடம். சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் வசனம் பாடமாக்கினேன். "சிஸ்டர், ஞாயிற்றுக்கிழமை ஒரு பிழை நடந்தது."

சி. கொடியில் பீடத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்க முன், "நல்ல நேரத்தில வந்தாய். இந்தத் தொங்கலைப் பிடி." பிடித்தேன். காற்றில் துணி முகத்தில் அடித்தது. "ஞாயிறு அவ்வளவு சனத்துக்குள்ளயும் நீ பதறல்ல. உங்கட அம்மாட்டயும் சொன்னன்."

வசனம் போய்விட்டது. கொய்யாப்பழம் இரண்டு தந்து அனுப்பினார். ஒன்றை அக்கா தின்றாள். மற்றதை என்னால் தின்ன முடியவில்லை.

பெயர் போடாமல் கடிதம் எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்து சி.க்குத் தெரியும். இடது கையால் எழுதினேன். பேய் எழுதியதுபோல் இருந்தது. கிழித்துக் கிணற்றடி அடுப்பில் போட்டேன்.

யூலை 9, புதன்

கரண்ட் இரண்டு தரம் போனது. மீன் இல்லை, பருப்பு.

வேலிக்கு மேலால் கிளாரா அன்ரி அம்மாவிடம்: "ஞாயிறில இரிந்து ஆள் அமைதி. முந்தி ராவெல்லாம் மகன்ர பேர் சொல்லிக் கத்துவார். இப்ப அப்படியே படுத்திரிக்கார்."

"நற்கருணை வாங்கினதில மனம் ஆறிட்டு," என்றார் அம்மா.

நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். சவர்க்காரம் கைநழுவி மண்ணில்.

வெறும் அப்பத்தால் அமைதி வருமா? வந்திருக்கிறதே. அப்படியென்றால் விட்டுவிடலாமா? நான் சொன்னால் அந்த அமைதி போய்விடும். சொல்லாவிட்டால் அவர் எதை வாங்கினோம் என்று நினைக்கிறாரோ அதை வாங்காமலே போவார். கடவுளுக்கு அங்கிளின் ஆசை தெரியும்தானே. பொய் சொன்னவள் இப்படி யோசிப்பது தனக்கு வசதியாகத்தான் என்றும் தோன்றுகிறது.

அக்கா: "என்ன இரவில கொப்பியோட? கணக்கில இவ்வளவு ஆசையா?"

"சோதினை."

பார்த்தாள். திரும்பிப் படுத்தாள்.

யூலை 10, வியாழன். போயா

பௌர்ணமி லீவு, பள்ளிக்கூடம் இல்லை. காலையில் தலை முழுக்கு. அக்காவின் சீருடைக்கு அயர்ன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு நற்கருணை ஆராதனை. பாதர் இல்லாத வியாழன்களில் சி. பேழைக் கதவைத் திறந்து வைப்பார், ஒரு மணித்தியாலம் எல்லோரும் முழந்தாளில். இருபது பேர் வரை வந்திருந்தார்கள். தலைவலி என்று வீட்டில் நிற்கப் பார்த்தேன், அம்மா விடவில்லை.

கதவு திறந்தது. சின்னப் பாத்திரம். பூ, மெழுகுதிரி, சாம்பிராணி. அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, நேற்றும் எண்ணெய் தேய்த்துவிட்டேன். இருந்தும் பாய் இல்லாமல் சீமெந்தில். நடுவில் ஒரு தரம் கையை ஊன்றினார். பிறகும் எழும்பவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்காகத்தான் கேட்டிருப்பார், சோதினைக்கு.

அதற்கு முன்னால். பக்கெற் அப்பத்துக்கு முன்னால்.

எல்லோரும் போன பின் சி. பேழையைத் திறப்பால் பூட்டினார்.

"சிஸ்டர், அதுக்குள்ள ஒண்ணும் இல்ல."

"என்ன சொல்றாய்?"

சொன்னேன். பாடமாக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை, பின்னும் முன்னுமாக வந்தது. ஆறடியையும் சொன்னேன், ஏன் என்று தெரியவில்லை.

சி. பீடப் படியில் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அடி இல்லை, ஏச்சு இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கடைசியா நானும் அதிலதான் எடுத்தன்."

பிறகு, "வின்ஸ்டன்."

உடனே போன். பாதர் வாவிக்கு அங்கால, குருக்களின் தியானத்தில், போன் நிறுத்தி. இரவு ஒன்பதுக்குத்தான் கிடைத்தார். நாளைப் பின்னேரம் வருகிறாராம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

யூலை 11, வெள்ளி

பாதர் நாலு மணிக்கு வந்தார். மோட்டார் சைக்கிள், தலையெல்லாம் புழுதி. கோயில் வளவுக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே, "சொல்லு மகள்," என்றார். சொன்னேன்.

"மறந்ததுக்கு நானும் பொறுப்பு. பீடத்தில எத்தினை பாத்திரம் இரிக்கெண்டு நான் பாக்கல்ல. 'ஓம்' எண்டது உன்ர. அதை மட்டும் பாவசங்கீர்த்தனத்தில சொல்லு."

அங்கேயே சொன்னேன். பாவமன்னிப்புத் தந்தார்.

ஞாயிறு அறிவிப்பாராம், என் பெயர் இல்லாமல். அன்று வாங்கியவர்களின் ஆசையைக் கடவுள் தள்ளமாட்டார் என்றார். பிறகு பேழையிலிருந்த அப்பத்தை வெளியே எடுத்தார். புதிதாகப் பூசை வைத்தார், பாதர், சி., நான், மூன்றே பேர். பாத்திரத்தைப் பீடத்தில் வைக்கச் சொன்னது என்னை. துகிலின் நடுவில் வைத்தேன். வைத்த பிறகும் இரண்டு தரம் பார்த்தேன்.

அங்கிளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், இன்னொரு தரம் நற்கருணை கொண்டு வந்ததாக இருக்கட்டும் என்றார் பாதர்.

போனோம். ஐந்தே நாள். முகம் சுருங்கி, வாய் திறந்தபடி. ஞாயிறு போட்ட சேர்ட் ஆணியில். பாதரைத் தெரிந்தது, கண்ணால் ஓம் என்றார். பாதர் ஒரு துளி அளவு உடைத்துக் கரண்டித் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். "கிறிஸ்துவின் திருவுடல்." ஆமென் சத்தமாக வரவில்லை. தொண்டை ஏறியது, இறங்கவில்லை. இருமல். தண்ணீரோடு அந்தத் துளியும் உதட்டோரமாக வெளியே வந்து நாடியில் நின்றது.

கிளாரா அன்ரி துவாயை எடுத்தார். பாதர் கையால் தடுத்தார். விரலால் அதை எடுத்துத் தன் வாயில் போட்டார். எச்சில், சளி எல்லாவற்றோடும். முகம் சுழிக்கவில்லை. வெறும் அப்பம் என்றால் துவாயால் துடைத்திருப்போம்.

இன்னும் சின்னதாக உடைத்து இன்னொரு தரம். அதுவும் வெளியே. அதையும் பாதரே. மூன்றாம் தரம் வைக்கவில்லை. அங்கிளின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கனநேரம் செபித்தார். அங்கிளின் கண் பாத்திரத்திலேயே இருந்தது.

வெளியே வந்து நின்றோம். கிளாரா அன்ரி பாதருக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தார். ஒன்றும் தெரியாமல், குறை சொல்லாமல், சும்மா சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் கஞ்சி குடிச்சவர், பாதர். நல்லாக் குடிச்சவர்."