ஏழாம் அத்தியாயம்

பிப்ரவரி 4, செவ்வாய்

என் அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலிருந்தாவது உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும். நேற்று மாதாந்திரக் கூட்டம். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "நிலுவைக் கடிதங்கள்" என்று மேலே ஒட்டியிருந்த ஃபைலை மேனேஜரிடம் நீட்டினேன். திறந்தார். உள்ளே கடிதம் இல்லை. உன்னுடைய பச்சை அட்டைப் புத்தகம் இருந்தது.

அதேதான். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் அல்லாடுகிறவர்கள் தினம் நாலு பக்கம் படித்துக் கடவுளை நினைக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ எழுதியது. நீ ஸ்கூல் பஸ்ஸில் மடியில் வைத்துப் படிப்பாயே, நான்கூட "சொர்க்கத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பேனே, அந்தப் புத்தகம். மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொருளடக்கத்தை உரக்க வாசித்தார். "ஒன்று, கண் விழிக்கும் நேரம். இரண்டு, பக்கத்து மேஜைக்காரர் மேல் பொறாமை..." இப்படியே போய், "ஏழு, மன்னிப்புக் கேட்கும் விதம்" வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நிலுவையில இருக்கிறது இதுதானாய்யா?" என்றார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. இத்தனை வருஷமாக அந்த ஆபீஸைச் சிரிக்கவைக்கிற வேலை என்னுடையது. நேற்று என்னை வைத்தே நடந்தது. டைப்பிஸ்ட் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் நான் எது சொன்னாலும் அவர் சிரிப்பதில்லை.

மற்ற செய்தி. எதற்கெடுத்தாலும் பெருமூச்சு விடுவாரே, நம் பெருமூச்சு சார், அவர் ரிடையர் ஆனபின் அவருடைய நாற்காலிக்கு இரண்டு பேர் மல்லுக்கு நிற்கிறார்கள். ஒருத்தர் குஷனைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இன்னொருத்தர் வெறும் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் இடுப்பு வலி, இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வீட்டில் குக்கர் நான் சொன்னால் விசில் அடிப்பதில்லை. என் வெள்ளைச் சட்டைகளெல்லாம் உன் நீலத் துண்டோடு ஊறி இப்போது வான நிறத்தில் இருக்கின்றன. அது போகட்டும். பிரஷர் மாத்திரையில் எது காலைக்கு, எது ராத்திரிக்கு? நீ எழுதி வைத்த தாளைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில், காலண்டருக்குப் பின்னால், எங்கெங்கோ தேடிவிட்டேன். டாக்டரைக் கேட்கலாம்தான். பத்து வருஷமாக என்ன விழுங்குகிறேன் என்றே தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? ஒரு நாள் வெள்ளை, ஒரு நாள் மஞ்சள் என்று போட்டுக்கொள்கிறேன். தலை சுற்றுகிறது. எங்கள் ஆபீஸில் அதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை.

நீ போய் இன்றோடு நாற்பது நாள். போன் அடித்தால் உன் தம்பி எடுத்து, "அக்கா குளிக்கிறாங்க" என்கிறான். நாற்பது நாளாகவா குளிக்கிறாய்? எப்போது வருகிறாய், சொல்.

உன்,
வீட்டுக் கோமாளி


பிப்ரவரி 9

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. போனில் நீங்கள் நாலு பேர் குரலில் பேசுவீர்கள். நான் சிரித்துவிடுவேன். சிரித்து முடித்தபின் என் கோபத்தை எங்கே வைத்தேன் என்று நானே தேட வேண்டியிருக்கும். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் போயிற்று. அதனால் எழுதுங்கள்.

நான் ஏன் வந்தேன் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறோமா என்று தெரிய வேண்டும், அதனால் நானே எழுதிவிடுகிறேன். தினமும் படித்து முடித்ததும் கடவுளிடம் சொல்ல நினைப்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அதை என் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய், பெருமூச்சு சாரின் பிரிவுபசார விருந்தில், என் குரலில் வாசித்துக் காட்டினீர்கள். என் முழங்கால் வலி, என் ஹெட்மிஸ்ட்ரஸ் மேல் எனக்கிருக்கும் ஆத்திரம், உங்கள் வாய்க்கு ஒரு பூட்டுப் போடச் சொல்லி நான் கேட்டது, எல்லாவற்றையும். நாற்பது பேர் சிரித்தார்கள். எட்டாம் மாதத்தில் போய்விட்ட நம் பெண்ணைப் பற்றி எழுதிய பக்கத்தையும் வாசித்தீர்கள். டைப்பிஸ்ட் அக்கா மறுநாள் என் ஸ்கூலுக்கே வந்து, சொல்லிவிட்டு அழுதார்.

தம்பி புதன்கிழமை அந்தப் பக்கம் வருகிறான். என் படிக்கும் கண்ணாடியையும் மற்றப் புத்தகங்களையும் கொடுத்தனுப்புங்கள். பச்சை அட்டைப் புத்தகம் உங்களிடமே இருக்கட்டும். அதை நான் மறந்துவிட்டு வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


பிப்ரவரி 12

என் டீச்சருக்கு,

"வணக்கம்" என்று ஆரம்பித்திருக்கிறாய். மின்சார வாரியம்கூட எனக்கு "அன்புடையீர்" என்றுதான் எழுதுகிறது.

உன் தம்பி வந்தான். வாசல்படியிலேயே நின்றான். "உள்ள வா மாப்ளே" என்றேன். "வேணாம் மாமா, புஸ்தகத்த குடுங்க, போறேன்."

"தண்ணியாவது குடிடா."

"குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"உங்கக்கா எப்படிடா இருக்கா?"

"நல்லா தூங்குறாங்க மாமா."

பதினாலு புத்தகத்தையும் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு, படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "சட்டை ஏன் மாமா இந்தக் கலர்ல இருக்கு?" என்றான். கல்யாணத்தன்று என் தோளில் ஏறி உட்கார்ந்தவன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தப்புதான். நோட்டை எடுத்தது தப்பு, வாசித்தது அதைவிடத் தப்பு. பெருமூச்சு முப்பத்தாறு வருஷ சர்வீஸை ஒரு பெருமூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாவு வீடு மாதிரி இருந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எதையாவது பண்ணய்யா என்கிற மாதிரி. எனக்கு அந்தப் பார்வையைத் தாங்கத் தெரியாது. கோமாளிக்குக் கை அரிக்கும், கையில் எது அகப்பட்டாலும் எடுத்து வீசுவான். அன்றைக்கு அகப்பட்டது உன் நோட்டு. எப்படிப் பைக்குள் வந்தது என்று கேட்காதே. ஆனால் நம் பாப்பாவைப் பற்றிய பக்கம் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இரண்டு வரிக்கு மேல் போக முடியவில்லை, மூடிவிட்டேன். உன்மேல் சத்தியம்.

நீ விட்டுப்போன புத்தகத்தை இத்தனை நாளில் அட்டையிலிருந்து அட்டை வரை இரண்டு தடவை படித்துவிட்டேன். ஆச்சரியப்படாதே. ஆபீஸில் ஃபைலுக்குள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டு. ஏழாம் அத்தியாயத்தில் அழுதுவிட்டேன். வெங்காயம் என்று நீ சொல்வாய். நான் நறுக்கியது வெண்டைக்காய். வெண்டைக்காய்க்கு உலகத்தில் யாரும் அழுததில்லை.

வந்துவிடு. நீ படிக்கும்போது இனிமேல் பக்கத்து அறையில்கூடப் பேச மாட்டேன்.

உன்,
பூட்டுப் போட்ட வாயன்


பிப்ரவரி 17

அன்புள்ள உங்களுக்கு,

தொண்டை அடைத்ததால் மூடவில்லை. சாப்பாடு வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டதால் மூடினீர்களாம். மூடுவதற்குமுன் விட்ட இடம் தெரிவதற்காகப் பக்கத்தின் முனையை மடித்து வைத்தீர்களாம். டைப்பிஸ்ட் அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். மடிப்பு இருக்கிறது.

இதைச் சண்டைக்காக எழுதவில்லை. நடந்தது நடந்தபடி இருந்தால் போதும், அதன்மேல் எதையும் பூச வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் அழுதேன் என்று. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீங்கள் அதையும் எங்காவது வாசித்துக் காட்டுவீர்கள். தம்பி மனைவி, "என்ன அண்ணி, லெட்டரு கிழிஞ்சிடும் போலிருக்கே" என்றாள்.

அங்கே என்ன படித்தீர்கள்? நாலு வரி எழுதுங்கள், போதும். வேடிக்கையாக வேண்டாம், சும்மா எழுதுங்கள். மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிறு காலை வண்டிக்கு எனக்கு ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஊர் ஸ்கூலுக்கு மாற்றல் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தேன். அதை இன்னும் கொடுக்கவில்லை.

உங்கள்,
டீச்சர்


பிப்ரவரி 21

என் கண்ணான டீச்சருக்கு,

"அன்புள்ள உங்களுக்கு" என்று பார்த்ததும் தபால்காரர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் பயந்துபோய், "பதிவுத் தபால் இல்லீங்க, கையெழுத்து வேணாம்" என்றார்.

மடிப்பு விஷயத்தில் நான் தலை குனிகிறேன். ஞாபகம் பிசகிவிட்டது.

ஏழாம் அத்தியாயம் கேட்டாய். மறக்கக்கூடியதா அது! ஒரு தையல்காரர் வருவாரே, கல்யாணச் சட்டையை அளவு தப்பி வெட்டிவிட்டவர். கடையில் உட்கார்ந்துகொண்டு ஆள் அனுப்பாமல், கெட்டுப்போன துணியைக் கையில் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பார். காரணம் ஒன்றும் சொல்ல மாட்டார், "நான்தான் வெட்டினேன்" என்பார், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்பது என்றால் அதுதான் என்று ஆசிரியர் முடிப்பார். அந்தத் தையல்காரர் நான்தான். பென்சிலால் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் உன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். நீ வந்து பார்.

வீட்டைக் கழுவித் துடைத்தாகிவிட்டது. உன் அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கியிருக்கிறேன், சாவி இரண்டையும் உன்னிடமே தந்துவிடுவேன். மாத்திரைத் தாள்தான் இன்னும் அகப்படவில்லை. பாத்ரூம் அலமாரியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். நீ வந்து உன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் எனக்கு ஆயுசு.

டைப்பிஸ்ட் அக்காவிடம், "உங்க சிநேகிதி வர்றாங்க" என்றேன். "அவங்களே எழுதினாங்களா, இல்ல நீங்களா சொல்றீங்களா?" என்று கேட்டார். கடிதத்தைக் காட்டினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஞாயிறு, ஆறு மணிக்கே ஸ்டேஷனில் நிற்பேன். வான நிறச் சட்டை. அடையாளம் தப்பாது.

உன்,
தையல்காரன்


பிப்ரவரி 25

வணக்கம்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். டிக்கெட்டைத் தம்பி ரத்து செய்துவிட்டான். மாற்றல் விண்ணப்பத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன்.

தையல்காரர் கதை நன்றாக இருந்தது. நிஜமாகவே சொல்கிறேன். உங்கள் ஆபீஸில் வாசித்துக் காட்டினால் கைதட்டுவார்கள்.

மாத்திரையில் வெள்ளை காலையில், சாப்பிட்டபின். மஞ்சள் இரவில், படுக்கும்முன். மாற்றிப் போடாதீர்கள், தலை சுற்றல் அதனால்தான். நாளைக்கே டாக்டரிடம் போய் ஒரு தடவை பிரஷர் பார்த்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் தேடுகிற தாள் தனியாகக் கிடையாது. பச்சைப் புத்தகத்தில் தொண்ணூற்றேழாம் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த பக்கங்களில், புறப்பட்ட அன்று காலை, நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது, உங்களுக்கு எழுத ஆரம்பித்தேன். பதினொரு பக்கம் வந்தது. எந்தெந்த விஷயத்துக்கு நான் உங்களோடு சிரித்தேன், எதற்குச் சிரித்த மாதிரி இருந்தேன், என்ன செய்தால் திரும்பி வருவேன், எல்லாம் அதில் இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் அழுதேன் என்றீர்கள். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் அழுதிருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

இனி அதைப் படிக்க வேண்டாம். மாத்திரைப் பக்கத்தை மட்டும் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஏழாம் அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில், தொண்ணூற்றேழிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை பதினாறு பக்கமும் அச்சாகாத வெற்றுத் தாள். பைண்டிங்கில் தப்பிப்போன பிரதி அது. பதிப்பகத்துக்கு எழுதினேன், மாற்றித் தருகிறோம் என்றார்கள், தரவில்லை. ஏழாம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

இப்படிக்கு,
கணக்கு டீச்சர்