கழற்ற முடியாத மிளகாய்ப் பெட்டிகள்

இஞ்சருங்கோ, மகள் மன்னார் கடையொன்றில் பூக்கன்று வைக்கப் பலகைப் பெட்டி வாங்கிவந்தாள். முதல் மழைக்கே மூலை வாய் பிளந்து, மண் முழுக்க விறாந்தையில் கிடக்கிறது. "ஆணி அடிச்ச பெட்டி இந்த உப்புக் காத்துக்கு நிக்குமோ?" என்று அவள்மேல் பாய்ந்தேன். பாய்ந்த பிறகுதான் தெரிந்தது, அது நீங்கள் சொல்லும் கதை. செத்தும் என் வாய்க்குள் இருந்து நியாயம் பிளக்கிறீர்கள்.

போர் நாளில், பாப்பாமோட்டையில் நாங்கள் இருந்தபோது ஆணி கிடைக்காது. சோதனைச் சாவடியில் இரும்பென்றாலே மறித்துவிடுவார்கள். வீட்டு வளவு மண்ணோ உப்பு, ஒரு மிளகாய்க் கன்று தலையெடுக்காது. குளத்து மண்ணைப் பெட்டியில் நிரப்பி வளர்ப்போம் என்றீர்கள். குண்டில் இடிந்த நெற்களஞ்சியத்தின் முதிரைப் பலகைகளை இழுத்துவந்து உளியும் கையுமாக இருந்தீர்கள்.

அன்றைக்குத்தான் எங்களுக்குள் சண்டை. ஊரில் அப்போது கதவு, யன்னல், கூரைத் தகரம் எல்லாவற்றையும் கழற்றி ஏற்றிக்கொண்டுதான் சனம் இடம்பெயரும். "பலகை நுனியை நாக்குமாதிரிச் செதுக்கித் துளைக்குள்ள விட்டு ஆப்பு வைச்சுச் செய்யுங்கோ. ஓட வேண்டி வந்தால் தட்டிக் கழட்டிப் பலகையை அடுக்கலாம்" என்றேன்.

"வெயிலுக்கு ஆப்பு தளர்ந்துரும் புள்ள. ஈர மண்ணு வெளிய தள்ளும். அதுக்குப் புறா வால் மூட்டுதான் சரி" என்றீர்கள். புறாவின் வால்போல விரித்து வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, பிசினும் பூசி இறுக்கினீர்கள்.

"அதைக் கழட்டேலாதே?"

"எதுக்குக் கழட்டணும்? கலவரத்துல மலைநாட்டுல இருந்து ஓடினேன். வவுனியாவுல இருந்தும் ஓடினேன். இனி நான் பொறப்புட மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீங்கள் பெட்டியைப் பற்றிக் கதைக்கவில்லை. நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதும் எனக்குத் தெரியும்.

மிளகாய் சிவந்து குலுங்கிய மாதத்தில் ஷெல் கிட்ட விழத் தொடங்கியது. பக்கத்து வீட்டுத் தம்பி உழவு மெசினைப் படலை வாசலில் நிறுத்தி, "அண்ணை, ஏறுங்கோ, நேரமில்லை" என்று கத்தினான். நீங்கள் வாளியோடு நின்று கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"உங்களுக்கென்ன விசரோ? பிள்ளை அழுகிறாள், வாங்கோ!"

"நீங்க போங்க. நான் வீட்டப் பாத்துக்கிறேன். நாலு நாள்ல திரும்பி வந்துருவீங்க."

உங்கள் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினீர்கள். கோபமாகக்கூட இல்லை, மெதுவாக.

அடுத்த கிழமை அந்தத் தம்பி நெல் எடுக்கத் திரும்பிப் போய்விட்டு, நாங்கள் ஓடிப்போய் இருந்த கொட்டிலுக்கு வந்தான். "அக்கா, ஷெல் வீட்டு முத்தத்திலதான் விழுந்திருக்கு. அண்ணையை வேலியோரம் குழி வெட்டித் தாட்டுப்போட்டு வந்தம்" என்றான். நான் அழவில்லை. உங்களைத் திட்டினேன். வாயில் வந்த அத்தனையும் சொல்லித் திட்டினேன்.

மீள்குடியேற விட்டபோது வீடு இல்லை. வேலியும் இல்லை, எல்லாம் பற்றைக் காடு. உங்களைத் தாட்ட இடம் எது என்று காட்ட அந்தத் தம்பியும் உயிரோடு இல்லை. உங்கள் பெட்டிகள் மட்டும் அடிப்பலகை உக்கி, நாலு மூலையும் விலகாமல் நின்றன. காலால் உதைத்தேன். மூட்டு அசையவில்லை, என் கால்தான் வீங்கியது. கோதாரி விழுந்த வேலைத் திறம்!

இப்போது ஊருக்குப் போனால், "மண்ணை விட்டுப் போகாத மனிசன்" என்று உங்களைப் புகழ்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மண்ணை விடவில்லை, உண்மைதான். எங்களை விட்டீர்கள். அதை ஒருவரும் சொல்வதில்லை.

காலம் போனால் மனம் ஆறும் என்கிறாள் மகள். எனக்கு ஆறவில்லை, ஆறவிடவும் மாட்டேன். இந்தக் கோபமும் போய்விட்டால் உங்களோடு கதைக்க எனக்கு வேறு என்ன இருக்கிறது?