இரண்டு துளை உள்ள பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

கேட்டுப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி, போளூர் நண்பன் ஹெட்போனில் ஒலியைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள் இரண்டை எங்கள் மலைக்கு வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கறுப்புப் பெட்டியில்தான் பாட்டு அவ்வளவு துல்லியம். அதையே எடுப்பதாக இருந்தேன்.

வள்ளி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் குழந்தை தங்காமல் போனதிலிருந்து அவள் பாட்டே கேட்பதில்லை. இன்று அவளாகவே, "அப்படி இன்னாங்க கேக்குது அதுல?" என்றாள். கையெல்லாம் புளி. நானே ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டேன்.

"பாடறவங்க மூச்சு வுடறதுகூட கேக்குதே! அப்போ நீங்க எதுல கேப்பீங்க?"

கறுப்பில் ஹெட்போன் சொருக ஒரே துளை; வெள்ளைப் பெட்டியில் இரண்டு. ஒலி ஒரு மாற்றுக் குறைவுதான். இருக்கட்டும், அதுதான். இன்னொரு ஹெட்போன் வாங்க வேண்டும்.

மாட்டியதை வள்ளி இன்னும் கழற்றவில்லை.