மார்த்தாவின் சீம்பால்

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கால்நடை மருத்துவர் ஹேசல் எட்டு மணிக்கே வந்துவிட்டாள். மாடுகளை ஒவ்வொன்றாக இரும்புக் கூண்டுக்குள் விட்டு, கழுத்தில் இரண்டு இடம் மழித்து, இரண்டு ஊசி. காசநோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் ஊசி. வெள்ளிக்கிழமை திரும்பி வந்து தடவிப் பார்ப்பாள். வீக்கம் இருந்தால் அந்த மாடு போயிற்று. இல்லையென்றால் மே மாதம் ஒரு பசுவுக்கு நோய் என்று எங்கள் பண்ணைக்குப் போட்ட பூட்டு திறக்கும். கன்றுகளை விற்கலாம். ஓமா ஊர்ச் சந்தைக்குப் போய் நாலு பேர் முகத்தைப் பார்க்கலாம்.

ஜூலைச் சோதனையில் எல்லாம் சுத்தம். இன்னும் ஒரே ஒரு சுத்தம் போதும்.

ஹேசல் வரும்வரை மாட்டின் கழுத்தைத் தொடுவதில்லை என்று எனக்கும் யூனனுக்கும் ஒப்பந்தம். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒப்பந்தத்தை அவன் ஒருமுறைகூடக் காப்பாற்றியதில்லை.

அக்டோபர் 15, புதன்

மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து அரசுத் துறையின் ஆள் ஒருவர் வந்திருந்தார். சுற்றுச்சூழல், வேளாண்மை, கிராமம் எல்லாம் ஒரே துறை என்பதால் எதற்குத் திட்டுவதானாலும் அவரையே திட்டலாம், அது ஒரு வசதி. மாட்டுக் காசநோயை ஒழிக்கப் புதிய கொள்கை வரப்போகிறதாம். அதற்கு முன் எங்கள் கருத்து வேண்டுமாம்.

பக்கத்துப் பண்ணை மாலகி எழுந்தான். "போன தடவையும் கருத்துதான் கேட்டீங்க. அதுக்கு முந்தியும் கேட்டீங்க. என் பொண்டாட்டி உசுரோட இருந்தப்போகூட இத்தன தடவ என் கருத்தக் கேட்டதில்ல."

சிரிப்பு அடங்குவதற்குள் யூனன் எழுந்துவிட்டான். "என் மேல் வயல்ல வளை தோண்டிக்கிட்டு வளைக்கரடி குடும்பம் குடும்பமா இருக்கு. ராத்திரி பூரா என் புல்லுல மூத்திரம் பேஞ்சு நோயப் பரப்புது. அது மேல கைய வெச்சா எனக்கு ஜெயில். என் மாட்ட மட்டும் நீங்க வந்து ஓட்டிக்கிட்டுப் போகலாம். என்னய்யா நியாயம் இது?"

ஒரே கைதட்டல். "எல்லாத் தரப்பையும் கேட்டுத்தான் முடிவு எடுக்க முடியும்" என்றார் அந்த ஆள். பாவம், அவர் கோட்டுகூட இன்னும் காயவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யூனன் சீட்டியடித்துக்கொண்டே வண்டி ஓட்டினான். ஒரு எதிரி கிடைத்துவிட்டால் மனிதனுக்கு எவ்வளவு தெம்பு!

அக்டோபர் 16, வியாழன்

கொட்டகையிலிருந்து வந்த யூனனின் முகம் சரியில்லை. "தொட்டுப் பாத்தியா?" என்றேன். "இல்ல" என்றான். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து நாய்க்கே போட்டான்.

அக்டோபர் 17, வெள்ளி

மாடுகள் எல்லாம் சுத்தம். கடைசிப் பசுவையும் ஹேசல் தட்டி அனுப்பியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. யூனனைக் கட்டிக்கொள்ளத் திரும்பினேன். அவன் கன்றுக் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆகஸ்டில் பிறந்த இரட்டைக் கன்றுகள். ஹேசல் அளவுகோலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். இரண்டாவது கன்றுக்கும் அப்படியே.

"ரெண்டுக்கும் இருக்கு, பிரைடீ" என்றாள். என்னைத்தான் பார்த்துச் சொன்னாள், யூனனை அல்ல.

"அந்த வளைக்கரடிங்கதான்" என்றேன் நான். யாராவது சொல்ல வேண்டுமே என்று.

"இந்தக் கன்னுங்க பொறந்ததுலேர்ந்து கொட்டகைய விட்டு வெளியவே போனதில்லையே. பக்கத்துல ஒரு வளைக்கரடியும் வந்த தடயம் இல்ல. இதுங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்றாள் ஹேசல்.

ஹேசலுக்குப் போட்ட டீ மேசையிலேயே ஆறிப்போயிற்று.

அக்டோபர் 20, திங்கள்

துறையிலிருந்து போன். ஒரு வருடத்துக்குள் இரண்டாவது தடவை என்பதால் மொத்த மந்தையையும் வெட்டுக்கு எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். பேசிய பெண் நல்ல பெண். மன்னிப்பு கேட்டுக்கொண்டே பேசினாள். அவளிடம் கத்தவும் முடியவில்லை எனக்கு.

மொத்த மந்தை. இத்தனை சோதனையிலும் தப்பித்த பசுக்கள் எல்லாம். யூனனுடைய அப்பா வைத்திருந்த ஒற்றைப் பசுவின் வழி வந்தவை, பாதிக்கு மேல்.

யூனன் கேட்டுக்கொண்டான், "சரி" என்றான், கறக்கப் போய்விட்டான். வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் வளைக்கரடி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டேன் மனுஷா! யாரையாவது திட்டு!

அக்டோபர் 22, புதன்

ரொட்டி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். கை தானாக மூலைக்குப் போயிற்று, மார்த்தாவின் புட்டிகள் இருந்த இடத்துக்கு. அங்கேயே நின்றுவிட்டது.

மார்த்தா எங்கள் மந்தையிலேயே நல்ல பசு. பிப்ரவரியில் கன்று போட்டாள். சீம்பால் அவ்வளவு கெட்டி, மஞ்சள். மிஞ்சியதை லெமனேட் புட்டிகளில் பிடித்து ஃப்ரீசரில் போட்டோம். இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். தாய்க்குப் பால் சுரக்காவிட்டால் கன்றுக்கு உதவும். நம்மிடம் இல்லையென்றால் பக்கத்துப் பண்ணைக்கு ஓடுவோம். எந்த மாட்டினுடையது என்று யார் கேட்கிறார்கள்?

மே மாதச் சோதனையில் மார்த்தாவின் கழுத்து வீங்கியது. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புட்டிகள் ஃப்ரீசரிலேயே கிடந்தன. ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்டில் அந்த இரட்டைக் கன்றுகள் நிற்கக்கூட முடியாமல் விழுந்தன. தாய்க்கு மடியில் சொட்டுப் பால் இல்லை. யூனன்தான் புட்டிகளை வெந்நீர் வாளியில் வைத்து உருக்கினான். கொதிக்க வைத்தால் சீம்பால் கட்டியாகிவிடும், அதனால் வெதுவெதுப்புதான். மடியில் போட்டு ஊட்டினான். இரண்டும் காலையில் எழுந்து நின்றதும் அவன் குதிக்காத குறை. "போன பெறகும் பால் குடுக்குறா பாரு, நம்ம மார்த்தா!"

கடவுளே. அந்தப் பாலில்தான் நோய் இருந்திருக்கிறது. யூனன் கையால்தான்.

மூன்றாவது புட்டி மாலகிக்குப் போயிற்று. அதே வாரம் அவனுடைய கன்றுக்கும் தாய் இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

ஹேசலிடம் சொல்ல வேண்டும். மாலகியிடம் சொல்ல வேண்டும். அவன் அடுத்த மாதம் கன்றுகளை விற்கப்போகிறான். அது வேறு பண்ணைக்குப் போய், அங்கிருந்து வேறு பண்ணைக்கு... சொல்லித்தான் ஆக வேண்டும்.

சொன்னால் யூனனுக்குத் தெரிந்துவிடும்.

மந்தை போவதைத் தாங்குவானா என்பதே சந்தேகம். அது தன் கையாலேயே போயிற்று என்று தெரிந்தால்? போன குளிர்காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர். துடைக்கும்போது துப்பாக்கி வெடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். பாதிரியாரும் அப்படித்தான் சொன்னார். இவ்வளவு வருடம் துப்பாக்கி வைத்திருந்தவருக்குத் துடைக்கத் தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் துப்பாக்கி படிக்கட்டுக்கு அடியில் இரும்பு அலமாரியில் இருக்கிறது. சாவியை ஒளித்து வைக்கலாமா? வைத்தால் ஏன் என்று கேட்பான். கேட்டால் நான் என்ன சொல்வேன்?

நாளைக்குச் சொல்கிறேன். நாளைக்கு.

அக்டோபர் 24, வெள்ளி

எழுதிவிட்டால்தான் தூங்க முடியும்.

மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஐயோ, நேத்தே சொல்லியிருக்கணும்! நேத்தே! செருப்புகூடப் போடாம ஓடினேன். பால் கறக்கும் கொட்டகை — இல்லை. வைக்கோல் கொட்டகை — இல்லை. அவன் பேரைச் சொல்லிக் கத்தினேனா, வெறுமனே கத்தினேனா, தெரியவில்லை.

கன்றுக் கொட்டகையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். இரட்டைக் கன்றுகள் ஆளுக்கொரு சட்டைக் கையைச் சப்பிக்கொண்டிருந்தன.

"துப்பாக்கி எங்க?"

"மாலகிகிட்ட."

அவனை அடித்தேன். முதுகில், தோளில். வாங்கிக்கொண்டான். அப்புறம் என் காலைப் பார்த்து, "ஷூ எங்க, பிரைடீ?" என்றான்.

அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "வியாழக்கிழம தடவிப் பாத்தேன். இந்த ரெண்டு கழுத்துலயும் கை பட்டதுமே புரிஞ்சுபோச்சு. இதுங்க என் கையால குடிச்சதத் தவிர வேற என்ன குடிச்சுதுங்க?"

இரண்டு நாளாக ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, அவனிடமிருந்து நானும் என்னிடமிருந்து அவனும் அதையே மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"துப்பாக்கிய எடுத்துக்கிட்டு மேல் வயலுக்குத்தான் போனேன்" என்றான். "எதுக்குன்னு கேக்காத. மாலகி வீட்டு வாசலத் தாண்டித்தான போகணும்? அவன் கன்னு கத்துச்சு. அதுக்கும் குடுத்தோமேன்னு அப்பத்தான் ஒறைச்சுது. சொல்லாம எப்படிப் போறது? பாவம், வித்துத் தொலைச்சிருவானே."

"அவன் என்ன சொன்னான்?"

"என்னத் திட்டினான். எங்கப்பனத் திட்டினான். அப்பறம் என் கையில இருந்தத அப்பத்தான் பாத்தான். 'அதக் குடுடா' அப்படின்னான். குடுத்துட்டேன். டீ போட்டான், மூணு கரண்டி சக்கர போட்டு. நான் சக்கர போட்டுக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும். ஆனாலும் குடிக்க வெச்சான்."

ஹேசலுக்கு நான்தான் போன் செய்தேன். யூனன் பக்கத்தில் நின்றான். சீம்பால் வழியாக வருவது அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும் என்றாள். குளிரில் அந்தக் கிருமி சாகாதாம்.

நவம்பர் 6, வியாழன்

மாலகியின் அந்தக் கன்றும் தேறவில்லை. அவனுக்கும் பூட்டு. மற்றவை சுத்தம். மத்தியானம் வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்து, "சமைச்சது இருக்கா, இல்ல உன் புருஷன் உருக்கினது ஏதாவதுதான் இருக்கா?" என்றான். நான் நடுங்கிப்போனேன். யூனன் சிரித்துவிட்டான். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

நவம்பர் 11, செவ்வாய்

மொத்த மந்தைக்கும் லாரிகள் வந்தன. யூனன் ஒவ்வொரு மாட்டையும் பேர் சொல்லி ஏற்றினான்.

நவம்பர் 12, புதன்

விடியும் முன்பே இருவரும் எழுந்துவிட்டோம், பழக்கம். உட்கார்ந்திருந்தோம்.

டிசம்பர் 9, செவ்வாய்

கொட்டகையைக் கழுவுகிறான். கழுவியதையே கழுவுகிறான். வாசனை போய்விட்டது. சாணி நாற்றத்துக்கு ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது?

ஜனவரி 23, வெள்ளி

புதன்கிழமை மறுபடி மண்டபம், மறுபடி அதே ஆள், மறுபடி கருத்து. வளைக்கரடியைப் பற்றிப் பேசு என்று பின்வரிசைக்காரர்கள் யூனனைத் தள்ளினார்கள். எழுந்தான். தொப்பியைக் கையில் கசக்கினான்.

"அதப் பத்தி நீங்க பேசுங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். வீட்டுக்குப் போய் ஃப்ரீசரத் தொறந்து பாருங்க. எந்த மாட்டோட சீம்பால்னு தெரியலன்னாலும், நோயில போன மாட்டோடதுன்னாலும் கீழ ஊத்திருங்க. நான் ஊத்தல. என் மந்த போச்சு."

கைதட்டல் இல்லை. துறையின் ஆள் மட்டும் ஏதோ குறித்துக்கொண்டார். அதைக் கொள்கையில் சேர்ப்பாரா, எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் நான் தபால் போடப் போனபோது, வழியில் இரண்டு மூன்று பண்ணைகளில் சாணக் குழி மேல் காலி லெமனேட் புட்டிகள் கிடந்தன.

ஏப்ரல் 18, சனி

மேல் வயலில் பார்லி விதைத்திருக்கிறான். இலையுதிர் காலத்தில் மாடு வாங்கலாம் என்று துறை சொல்லிவிட்டது. அதுவரை நிலம் சும்மா கிடக்க வேண்டாமே என்றான். வளைக்கரடி வளைகளைச் சுற்றி நிறைய இடம் விட்டு உழுதிருக்கிறான். கேட்டால், "ட்ராக்டர் கவுந்துரும்" என்கிறான்.

பதினோரு மணிக்கு மாலகி வந்தான். கையில் சாக்கு சுற்றிய நீளமான பொருள். என்னவென்று உடனே தெரிந்துவிட்டது.

"காக்கா வெதையப் பொறுக்குதாம். உன் புருஷன் கேக்குறான்" என்றான். ஆனால் நீட்டவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டே நின்றான். "குடுக்கலாமா, பிரைடீ? நீ சொல்லு."

ஜன்னல் வழியே மேல் வயல் தெரிந்தது. யூனன் கோட்டைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு காக்கைகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். அவன் திட்டுவது இங்கே வரை கேட்டது. காக்கைகளின் தாயை, பாட்டியை, பெல்ஃபாஸ்ட்டை, ஒன்றையும் விடவில்லை.

"குடு" என்றேன்.

அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டுக்கு வந்தவன் அலமாரியைப் பார்த்தான்.

"சாவி?"

"என்கிட்ட இருக்கு. வேணும்னா கேளு."

"கேக்குறேன்" என்றான். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, உருளைக்கிழங்கு இன்னும் இரண்டு போடச் சொன்னான்.