லவீனாவுக்கு நான் வைத்த பெயர்

03.03.2025, திங்கள்
நிதியுதவி கேட்கும் குழுக்களுக்கான பயிற்சிப் பட்டறை தொடங்கியது. குருநகர் கருவாட்டுக் குழுவிலிருந்து நானும் லவீனாவும். கருவாடு காயவைக்க ஒரு கூரைப் பந்தல், எங்கள் குழு கேட்பது அவ்வளவுதான். பயிற்றுநர் தனோஜன் கேட்டுவிட்டு, பந்தலைச் சொன்னால் யாருக்கும் மனம் இளகாது, ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

04.03.2025, செவ்வாய்
இன்று எல்லார் முன்னாலும் பேசிப் பழகினோம். நான் லவீனாவைப் பற்றிப் பேசினேன். நவம்பரில் கடலுக்குப் போன அவள் புருசன் டினேஸ் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. வருவார் என்றுதான் இருக்கிறாள்; இறந்தவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுக்கவும் விடவில்லை. எல்லாம் தெரிந்த நான் அவளைக் கைகாட்டி, "இந்த இளம் விதவை" என்றேன்.

மண்டபம் அப்படியே அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது — எழுதவே கூசுகிறது.

அவள் கை தாலிக்கொடிக்குப் போனதைக் கண்டேன். கண்டும் நிறுத்தவில்லை. கைதட்டினார்கள்.

பஸ்ஸில் வேறு சீற்றில் போய் இருந்தாள்.

05.03.2025, விபூதிப் புதன்
கோயிலில் சாம்பல் பூசும் பூசைக்கு அவளுக்குப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். கூப்பிடவில்லை. என்ன மனுசியடி நீ, றொசாந்தி?

20.03.2025, வியாழன்
இன்று நேர்முகத் தெரிவு. அந்தக் கதையை விட்டுவிடாதீர்கள் என்று தனோஜன் நேற்றே போனில் சொல்லியிருந்தார். நான் மழையில் பழுதாகும் மீனைப் பற்றி மட்டும் பேசினேன். தெரிவுக் குழுவில் ஒருவர், தனோஜன் சொன்ன விதவை எங்கே என்று கேட்டார்.

"அப்பிடி ஒருத்தரும் எங்கடை குழுவிலை இல்லை."



02.04.2025, புதன்
எங்களுக்குக் கிடைக்கவில்லை. கதையைச் சொல்லியிருந்தால் பந்தல் வந்திருக்கும் என்று குழுவில் எல்லாரும் ஏசினார்கள். பின்னேரம் லவீனா வீட்டுக்குப் போனேன். வாசல் படலையில் நின்றபடியே, பிழை விட்டிட்டன் என்றேன்.

"ஓம்" என்றாள்.

22.05.2025, வியாழன்
இன்னொரு நிறுவனம் பட்டறை வைக்கிறதாம். இந்தமுறை யார் பேசுவது என்று கூட்டத்தில் கேட்டபோது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லவீனா எழும்பினாள்.

"நான் கதைக்கிறன். அவர் கடலுக்குப் போனவர், இன்னும் வரேல்லை எண்டு சொல்லுவன். அவ்வளவுதான்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் வாங்கோ, றொசாந்தி அக்கா. பக்கத்திலை இருங்கோ. நான் இடையிலை நிப்பாட்டினாலும் நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ."

தலையாட்டினேன்.