யாருக்கும் கால் எட்டாத வண்டி

மார்ச் 4, திங்கள்

இரண்டாவது முறையும் தோற்றேன். எட்டுப் போடுகிற தடத்தில், இரண்டாவது வளைவில், இடது கால் தரையில் பட்டுவிட்டது. சோதனை அதிகாரி தாளில் எழுதினார்: ‘பயம். சமநிலை இல்லை.’ பயமாக இருந்ததா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாராம். ஹெல்மெட்டுக்குள் இருந்த முகத்தை!

ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் தன் பங்குக்கு, “உங்களுக்கு உடம்பு நீளம் மேடம், பேலன்ஸ் நிக்காது” என்றார். ஆறடி ஓரங்குலம் இருந்தால் பேலன்ஸ் நிற்காதா? ஒட்டகச்சிவிங்கியெல்லாம் விழுந்துகொண்டா திரிகிறது?

ஆஸ்பத்திரியில் பிரிவுத் தலைவர் மறுபடியும் நினைவுபடுத்தினார். நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய்ச் செயற்கைக்கால், ஊன்றுகோல் அளவெடுக்கும் வேலை ஏப்ரலில் தொடங்குகிறது. நான் சண்டை போட்டு வாங்கிய வேலை. முப்பதாம் தேதிக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் ஜூனியருக்குப் போய்விடும். பட்டியலில் பதினொரு வீடுகள். அதில் ஒருவர் ஏழு மாதமாகக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. அவருடைய கால் எங்கள் அலமாரியில் தயாராக இருக்கிறது. போய்ப் பொருத்திப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

இரண்டு முட்டியிலும் நீலம் கட்டியிருக்கிறது. எங்கே இடித்துக்கொண்டேன் என்றே தெரியவில்லை.

மார்ச் 7, வியாழன்

சொந்த வண்டி வாங்கிப் பழகினால் சரியாகும் என்று ஷோரூமுக்குப் போனோம். நானும் என் வீட்டுக்காரரும். விற்பனைக்காரர் கதவு திறந்ததிலிருந்து கடைசிவரை இவரிடம்தான் பேசினார். “மேடத்துக்குன்னா ஸ்கூட்டர் பாக்கலாம் சார். மேடத்துக்கு எந்தக் கலர் புடிக்கும் சார்?” மேடம் நாக்கை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள் போல.

உட்கார்ந்து பார்த்தேன். முட்டி முன்பலகையில் இடித்தது. “கால கொஞ்சம் அகட்டி வச்சுக்கங்க மேடம், பழகிடும்.” தவளை மாதிரி உட்கார்ந்து ஊரைச் சுற்ற வேண்டுமாம். இதற்கு இவர் தலையாட்டினார்! “இது போதும், அடக்கமா இருக்கு” என்றார். யாருக்குப் போதும்? எனக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று வாசலிலேயே சொல்லித்தானே உள்ளே போனேன்?

வரும் வழியெல்லாம் இவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9, சனி

இன்று தனியாகப் போனேன், வேறொரு ஷோரூமுக்கு. அங்கே நேர் எதிர். “உங்க ஹைட்டுக்கு இதுதான் மேடம்” என்று நேராகப் போய் நிறுத்தியது நூற்றுத் தொண்ணூறு கிலோ இரும்பு. உயரமாக இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று இவர்களாக முடிவு கட்டிக்கொள்கிறார்கள். ஓட்டத் தெரியுமா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கோபம் இன்னும் தலையில் இருந்தது. இதையே வாங்கிக்கொண்டுபோய் வாசலில் நிறுத்தி எல்லார் வாயையும் அடைக்கிறேன் என்று ஏறிவிட்டேன். உட்கார்ந்தபோது ராஜாத்திதான். இரண்டு பாதமும் அழுந்தப் பதிந்தன. ஸ்டாண்டை எடுத்தேன் — சரி, எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள் — வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, நானும் கூடவே சாய்ந்தேன். கண்ணாடி உடைந்தது. மூன்று பேர் ஓடிவந்து முதலில் வண்டியைத் தூக்கினார்கள்.

இந்த ஒன்றுக்கு மட்டும் யாரையும் திட்ட முடியாது. வீம்பு என்னுடையது.

மார்ச் 10, ஞாயிறு

“எதுக்கு இவ்ளோ கஷ்டம்? நானே கொண்டு விடறேனே” என்கிறார் இவர். பதினொரு வீட்டுக்கும், தினமுமா? அவருடைய ஆபீசுக்கு அப்புறம் யார் போவது?

மார்ச் 12, செவ்வாய்

இன்று ஒரு தையல்காரர் வந்தார். வேறெங்கோ வாங்கிய கட்டையை ஊன்றிக்கொண்டு, இரண்டாக மடிந்து. “கூன் விழுந்துடுச்சும்மா, வயசாகுதில்ல” என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். அளந்து பார்த்தேன். கட்டை மூன்று அங்குலம் குட்டை! எனக்கு வந்ததே ஆத்திரம். “உங்களுக்குக் கூனும் இல்ல ஒண்ணும் இல்லங்க. கட்டைதான் குட்டை. யார் குடுத்தாங்க இத?” என்று சத்தம் போட்டுவிட்டேன். சரியான கட்டையைக் கொடுத்ததும் மனிதர் நிமிர்ந்து நின்றார். என் தோளுக்கு மேலே வந்தார்.

அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து என் முட்டியைப் பார்த்தேன். நீலம் இப்போது பச்சையாகியிருக்கிறது. இரண்டிலும் ஒரே இடம், ஒரே வட்டம். வண்டிக் கைப்பிடியின் முனை அளவுக்கு.

பதினான்கு வருஷமாக ஊரார் காலை அளந்தேனே, என் காலை அளக்கத் தோன்றியதா? ‘பயம்’ என்று ஒருவர் எழுதினார், நானும் நம்பிவிட்டேன். என்னை எதால் அடிப்பது?

மார்ச் 13, புதன்

காலையில் அளவு நாடாவோடு பயிற்சி மைதானத்துக்குப் போனேன். சோதனைக்கு ஓட்டிய மாஸ்டரின் சின்ன வண்டியில் ஏறி ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் திருப்பினேன். முனை முட்டியில் மோதி நின்றது. அதற்கு மேல் ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. வலது பக்கமும் அப்படியே. எட்டுப் போட இன்னும் நான்கு விரல் திரும்ப வேண்டும். வண்டி திரும்பாவிட்டால் கால் ஊன்றாமல் வேறென்ன செய்வதாம்?

“பாருங்க மாஸ்டர், இது பயமா?” என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: “என்கிட்ட பெரிய வண்டியும் இருக்கு மேடம். சேர்க்கும்போதே உங்க வீட்டு சார்தான் சொன்னாரு, இருக்கறதுலயே சின்னதா குடுங்கன்னு. ரெண்டு தடவ விழுந்தா அவளே விட்டுடுவான்னாரு. நான் ஏதோ வெளாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்.”

வேலைக்குப் போனேன். ஒன்பது பேருக்கு அளவெடுத்தேன். ஒருவர் முகமும் நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். இவர் மறுக்கவில்லை. சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று தரையைப் பார்த்தார். “நாம ரெண்டு பேரும் நடந்து போனாலே திரும்பிப் பாக்கறாங்க. நீ அவ்ளோ பெரிய வண்டிய ஓட்டி, நான் பின்னாடி உக்காந்து போனா, ஆபீஸ்ல என்னை உயிரோட விடுவாங்களா?”

இவர் ஐந்தடி மூன்று. அது எனக்கு ஒரு நாளும் விஷயமாக இருந்ததில்லை. ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து தட்டைச் செருப்பு. போட்டோ எடுத்தால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். தெருவில் இவர் பக்கத்தில் நடந்தால் தோளைத் தொங்கப்போட்டு, கழுத்தை இழுத்து —

“பதினாறு வருஷமா உங்க பக்கத்துல நான் முதுக வளச்சுதான் நடக்கறேன். அது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றார்.

தெரியுமாம். தெரிஞ்சுதான் இருந்திருக்கு! ஒரு நாளாவது நிமிர்ந்து நடன்னு சொன்னாரா? தெரியாதுன்னு சொல்லியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்.

மார்ச் 15, வெள்ளி

பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அவரே எழுந்து எடுத்துக்கொள்கிறார்.

மார்ச் 16, சனி

மூன்றாவது ஷோரூம். இந்த முறை கோபத்தை வாசலில் விட்டுவிட்டு நாடாவோடு போனேன். விற்பனைக்காரி ஒரு பெண். நான் ஒவ்வொரு வண்டியாக அளந்து குறித்துக்கொண்டதைப் பார்த்து, “மேடம், வண்டிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்றாள். சிரித்துவிட்டேன். பல நாளைக்கப்புறம்.

மூலையில் தூசியோடு ஒன்று நின்றது. ஒல்லியாக, உயரமாக, மேடுபள்ளத்தில் ஓட்டுகிற வகை. ஹேண்டில் நன்றாகத் தூக்கியிருந்தது. “அது வேணாம் மேடம், யாருக்கும் கால் எட்டாது. ஒரு வருஷமா நிக்குது.”

ஏறினேன். எட்டியது. இரண்டு குதிகாலும். இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன், வலது பக்கம் திருப்பினேன். முட்டிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் என் கை தாராளமாகப் போய்வந்தது. ஸ்டாண்டை எடுத்துச் சாய்த்து நிமிர்த்திப் பார்த்தேன், ஒரு தடவைக்குப் பத்துத் தடவை. பெரிய வண்டியைவிட அறுபது கிலோ குறைவு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வண்டி சரியான அளவில் இருந்ததற்கு யாராவது அழுவார்களா? அழுதேன்.

அங்கேயே பதிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

என் வண்டியிலேயே சோதனை. எட்டு முழுசாக வந்தது, கால் கீழே படவில்லை. அதே அதிகாரிதான். “பாத்தீங்களா, பயம் போனதும் தானா வருது” என்றார்.

“பயம் முதல்லயே இல்ல சார். முட்டிதான் இடிச்சுது” என்றேன். புரிந்த மாதிரி தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார், அது போதும்.

மார்ச் 28, வியாழன்

பிரிவுத் தலைவரிடம் லைசென்ஸைக் காட்டிவிட்டேன். பட்டியல் என் கையில். இவர் வீட்டில் அதைப் பார்த்தார். மடித்து அதே இடத்தில் வைத்தார். நானும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

முதல் வீடு, ஏழு மாதக் கட்டில்காரர். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்தார். ஆறு அடி. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு என் வண்டியைப் பார்த்து, “என்னம்மா இது, குதிர மாதிரி நிக்குது” என்றார்.

ஏப்ரல் 3, புதன்

இவருடைய ஸ்கூட்டர் நேற்றிலிருந்து ஒர்க் ஷாப்பில். காலையில் பையை மாட்டிக்கொண்டு என் வண்டிப் பக்கத்தில் வந்து நின்றார். “போற வழிதானே?” என்றார். மூன்று வாரத்தில் இவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி. எனக்குக் கோபம் ஆறிவிட்டது என்றெல்லாம் இல்லை. ஹெல்மெட்டை நீட்டினேன்.

ஏறுவதற்கு என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு கையை எடுத்துப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆபீஸ் தெருவுக்கு முந்தின முனையில் முதுகில் தட்டி, “இங்கயே இறங்கிக்கறேன்” என்றார். ஏன் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நிறுத்தினேன்.

இறங்கினார். ஹெல்மெட்டைக் கொடுத்தார். நடந்தார். நான் கிளம்பியிருக்க வேண்டும்; வண்டி அணைந்துபோனது, கிளட்சை விட்டுவிட்டேன் போல. மறுபடி ஸ்டார்ட் செய்வதற்குள் திரும்பி வந்து நின்றார். கையை நீட்டி ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். “ஆபீஸ் கேட்டுலயே விடு.”

கேட்டில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் இன்னொருவரை இடித்துச் சிரித்தார். எங்கள் இருவர் காதிலும்தான் விழுந்தது. இவர் என் தோளைப் பிடித்து மெதுவாக இறங்கினார், ஹெல்மெட்டைக் கழற்றினார், தலையைக் கோதிக்கொண்டார்.

“சாயங்காலம் அஞ்சரைக்கு வந்துடு” என்றார், அந்த நான்கு பேருக்கும் கேட்கும்படி. “இங்கயே வா.”