தகிய்யாவின் மாடிப் பக்கச் சுவர்

ரஜப், பிறை 9

கத் இலை வியாபாரி கட்டுகிற சிமெண்ட் மாடி இன்று என் சன்னலை முழுதாக மூடிவிட்டது. கடைசிக் கல்லை வைப்பதற்கு முன்னால் கொத்தன் எனக்குச் சலாம் சொன்னான். பதில் சொல்வது கடமை. மனசுக்குள் சொன்னேன், அவன் காதுக்குக் கொடுக்கவில்லை.

அறை பட்டப்பகலில் இருட்டு. மகன் முத்தஹர் குழல்விளக்கு மாட்டினான். “பாருங்க உம்மா, எவ்வளவு வெளிச்சம்.”

“மையித்து குளிப்பாட்டுற அறை மாதிரி இருக்கு. கழட்டு.”

ரஜப், பிறை 12

மிச்சமிருப்பது மேற்குச் சுவர் ஒன்றுதான். அதற்கு அப்பால் தகிய்யாவின் மொட்டைமாடி. எங்கள் ஸனா நகரத்தில் யாரும் அடுத்தவர் மாடியைப் பார்த்துச் சன்னல் வைக்க மாட்டார்கள். பெண்கள் முக்காடில்லாமல் புழங்குகிற இடம். எனக்குத் தெரியாதா?

“நான் கேக்கிறது திறக்கிற சன்னல் இல்லடா. கமரிய்யா. ஆள் தலைக்கு மேல, வண்ணக் கண்ணாடி வச்சு. வெளிச்சம் உள்ள வரும், பார்வை வெளிய போகாது.”

“தகிய்யா மாமி சும்மா விடுவாங்களா?”

“என்னைக்கு விட்டா?”

என் கல்யாணத்தன்று, கூடியிருந்த பெண்கள் நடுவில், “பொண்ணு கழுத்துல கிடக்கிறது இரவல் பவளம்” என்று சொன்னவள் அவள். பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள். வாயில் உலர்ந்த திராட்சை மென்றுகொண்டிருந்தாள். என் உம்மாவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். பவளம் இரவல்தான். அதனால் என்ன? சொல்லலாமா?

சுவரை உடைக்கத்தான் போகிறேன்.

ஷஃபான், பிறை 2

முத்தஹர் சந்தையிலிருந்து ரெடிமேட் கமரிய்யா ஒன்று தூக்கி வந்தான். நகத்தால் சுரண்டினேன். சிவப்பு சுருண்டு கையோடு வந்தது. ஒட்டுத்தாள்! என் அறைக்குள் ஸ்டிக்கரா? திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றேன். போனான். நல்ல பிள்ளைதான், பார்த்து வாங்கக் கண்தான் இல்லை.

ஷஃபான், பிறை 6

கமரிய்யா செய்கிற உஸ்தா ஹிஸாமின் பட்டறைக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். ஜிப்சத்தைக் கரைத்து அரைவட்டமாக ஊற்றினார். அது பாதி இறுகியதும் கத்தியை எடுத்தார்.

“ஈரம் போறதுக்குள்ள செதுக்கியாகணும் அக்கா. பேச்சுக் குடுக்காதீங்க.”

“நான் எங்க பேசுறேன்? அந்தப் பூங்கொடி கொஞ்சம் தடிப்பா இல்ல?”

“அப்போ இதுக்குப் பேர் பேச்சில்லாம என்ன?”

கொடி தடிப்புதான்.

ஷஃபான், பிறை 17

வேலை முடிந்தது. சுவரை உடைத்து, பதித்து, ஓரம் பூசி, எல்லாம். பச்சை, நீலம், மஞ்சள், நடுவில் ஒரு நட்சத்திரம்.

பூச்சு காயவில்லை, அதற்குள் மாடியிலிருந்து தகிய்யாவின் குரல். “கிழவிக்கு இந்த வயசுல வேவு பார்க்கிற ஆசையைப் பாரு. நட்சத்திரத்துல வெறுங் கண்ணாடி வச்சிருக்கா!”

பொய் என்று கத்தினேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன்.

வெறுங் கண்ணாடிதான். நிறமே இல்லை. இவ்வளவு நாளாக நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷஃபான், பிறை 18

தெருவுக்குப் பெரியவரான ஆகில் நாஜி வந்தார். பெண்கள் ஒதுங்கிக்கொள்ள, “அல்லா, அல்லா” என்று குரல் கொடுத்தபடியே படியேறினார். முக்காலி போட்டு, அதில் ஏறி, நட்சத்திரத்தில் கண்ணை வைத்தார். உடனே இறங்கிவிட்டார். காது வரை சிவந்திருந்தது.

“என்ன தெரியுது?” என்றேன்.

“துணி காயுது அக்கா,” என்றார். என்ன துணி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகில் கூடவே கூட்டி வந்திருந்த உஸ்தா தலையைச் சொறிந்தார். “தெருப் பக்கம்னா நடுவுல வெறுங் கண்ணாடி வைக்கிறது வழக்கம். மாடிப் பக்கம்னு யோசிக்காம கை அதுபாட்டுக்கு வச்சிருச்சு.”

ஆகில் தீர்ப்புச் சொன்னார்: வெள்ளிக்கிழமைக்குள் நிறம் மாற வேண்டும். இல்லையென்றால் முழுச் சன்னலும் கல் வைத்து அடைபடும். அவள் மாடியிலிருந்து தகிய்யா “அடைக்கட்டும், அடைக்கட்டும்” என்றது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

ஷஃபான், பிறை 20

உஸ்தா நடுக்கண்ணாடியைப் பெயர்த்தார். கொடியில் ஒரு விரிசல் விழுந்தது. குழைத்த ஜிப்சத்தை விரலால் தடவி அடைத்துவிட்டார்.

“மஞ்சள் வைக்கிறேன். சாந்தமா இருக்கும்.”

“சாந்தம் யாருக்கு வேணும்? சிவப்பு வைங்க. இருக்கிறதுலயே அடர்த்தியானது. அவ நிமிர்ந்தா என் கண்ணு சிவந்திருக்கிறது தெரியணும்.”

ஆகில் மறுபடி முக்காலி ஏறினார். “செவப்பைத் தவிர ஒண்ணும் தெரியல,” என்றார், நிம்மதியாக.

அடைபடவில்லை. தகிய்யாவே, அடைபடவில்லை.

ரமலான், பிறை 3

அஸர் நேரத்துச் சாயங்கால வெயில். தொழுகை விரிப்பில் பச்சை, நீலம். ஸுஜூதுக்குக் குனிந்தால் என் கைமேல் சிவப்பு.

ரமலான், பிறை 8

தகிய்யா வீட்டார் மாடியில்தான் நோன்பு திறக்கிறார்கள். மஃரிபுக்கு நான் விளக்குப் போட்டால் நிறமெல்லாம் அவள் வெள்ளைக் கைப்பிடிச்சுவரில் போய் விழுகிறதாம். அவள் மருமகள் சொன்னாள். தகிய்யா தன் மெத்தையை அந்தச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாளாம். “அங்கதான் காத்து வருது” என்கிறாளாம்.

காற்று. அந்த மூலையில் காற்று வந்து நான் பார்த்ததில்லை.

ரமலான், பிறை 15

கரண்ட் போய்விட்டது. இருட்டில் தயிரில் ஊறிய ஷஃபூத் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். மாடியிலிருந்து சத்தம்.

“ஏ ஹூரிய்யா! உன் சன்னல் ஏன் செத்துக் கிடக்கு?”

அவள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலம்? சண்டைக்குக்கூட “அந்தக் கிழவி” என்றுதானே சொல்வாள்.

“கரண்ட் இல்ல.”

“வீட்டுல அரிக்கேன் கூடவா இல்ல? அதையும் இரவல் வாங்கணுமா?”

பார்த்தீர்களா. மறக்கவில்லை அவளும்.

அரிக்கேன் விளக்கு என் பக்கத்திலேயே இருந்தது. ஷஃபூத்தை மெதுவாகத் தின்று முடித்தேன். கை கழுவினேன். காப்பிக்கொட்டைத் தோலில் போட்ட கிஷ்ர் ஒரு கோப்பை குடித்தேன், ஆற வைத்து. காத்திருக்கட்டும்.

பிறகு முக்காலியில் ஏறி, விளக்கைச் சன்னலுக்குள் சிவப்புக்கு நேராக வைத்தேன்.